நாலு மணி நேரக் கறுப்பு

மாதா சாட்சியாக, இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. குறைத்துச் சொன்னது வேண்டுமானால் இரண்டு இடத்தில் உண்டு, அதுவும் ஊர் நம்பாது என்பதற்காக. பம்மலில் அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அத்தனையும் நடந்ததுதான்.

ஹாலில் சவுரிமுத்து ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். வாசலில் கார் நிறுத்தும் கொட்டகையில் அவர் மனைவி செல்வமேரி, அவருடைய மழைக்கோட்டைப் போட்டு, அவருடைய முகமூடியை மாட்டி, அவருடைய ஸ்ப்ரே கன்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பழைய ஹெரால்டு காரின் பின்பக்கத்துக்கு நேராக நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் மணி பதினொன்றே முக்கால். கம்ப்ரசரைப் போட்டாள். அது ஒரு தடவை உறுமியது. உடனே வீட்டில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றது. கம்ப்ரசர், மின்விசிறி, டேப்பில் பாடிக்கொண்டிருந்த மாதா பாட்டு, ஐஸ் பெட்டி.

"கரண்டு போச்சு" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"போவல. ட்ரிப் ஆயிடுச்சு" என்றது இன்னொரு குரல். துக்க வீட்டில்கூடக் கரண்டைப் பற்றி ஒருவர் சொன்னால் அதைத் திருத்துவதற்கு ஒருவர் இருப்பார்.

செல்வமேரி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவரில் சாக்பீஸால் 9.10 என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. ஒன்பது பத்தோடு நாலு மணி நேரத்தைக் கூட்டினால் ஒன்று பத்து. அவ்வளவுதான் மிச்சம்.

சவுரிமுத்து தாம்பரம் ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மறைமலை நகர் தாண்டி ஒரு கோழிப்பண்ணையிலிருந்து இந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இங்கே வண்டலூர்ப் பக்கத்து ஃபாக்டரியில் ஒரு காலத்தில் பிறந்த வண்டி, அதனால் அதைச் சொந்த ஊருக்குக் கூட்டிவந்ததாகச் சொல்லிக்கொண்டார். பண்ணையில் கோழிகள் அதைத் தங்கள் வீடாக வைத்திருந்தன. வந்த பிறகும் மூன்று கோழிகள் உள்ளேயிருந்து இறங்க மறுத்துவிட்டன. முதல் ஆறு மாதம் அந்தக் கார் முட்டை கொடுத்தது. செல்வமேரி அதில் ஆம்லெட் போட்டதற்குச் சாட்சி இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே பெயின்டு, அதற்குக் கீழே பட்டி, அதற்குக் கீழே துரு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "வந்துட்டேன்" என்பார், வர மாட்டார். வேலை சொல்லிக்கொடுத்தது போன் வீடியோவில் வரும் ஒரு தாடிக்காரன். எங்கோ பனி கொட்டும் ஊரில், கார் கொட்டகையில் நின்றுகொண்டு இங்கிலீஷில் பேசுவான். எது சொல்வதற்கு முன்னாலும் "ஆல்ரைட்" என்பான். சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டு சீரியல் கதை நமக்கும் தெரிந்துவிடுவதுபோல, தாடிக்காரன் சொன்னதெல்லாம் செல்வமேரிக்கும் தெரிந்துபோனது. எதற்கென்று தெரியாது, எண்கள் மட்டும் மனப்பாடம். அரை மணி ஊற வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும். ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். கை நிற்கக் கூடாது.

அன்று காலை அவர் காரைப் பளபளவென்று வெறும் தகரமாக நிறுத்தியிருந்தார். துணியால் துடைத்து, கண்ணாடி இருந்த ஓட்டைகளுக்குப் பேப்பர் ஒட்டி, கறுப்பு எபாக்ஸி பிரைமரைப் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கினார். இந்தப் பிரைமருக்கு ஒரு குணம் உண்டு. கறுப்பு தனி, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் தனி. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் வருஷக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும். ஒன்றாகச் சேர்த்துவிட்டால் நாலு மணி நேரம். அதற்குள் அடித்தால் தகரத்தை விட்டுப் போகாது, அடிக்காவிட்டால் பக்கெட்டிலேயே கல்லாகிவிடும்.

"கலந்துட்டேன் மேரி" என்றார், சமையலறைச் சன்னல் வழியாக. "இனிமே அது நமக்காவ நிக்காது."

"டீ போடட்டுமா?"

"அரை மணி ஊறணும். போடு."

டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்து, அது கேட்கிறதா என்று நிறுத்தியவர்போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ஒன்பது பத்து.

தெரு முனை டாக்டர் லுங்கியோடு வந்து, இதயம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெங்களூரில் இருக்கும் மகள் ஜோசலினுக்குப் போன் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள், அடக்கம் நாளைக்கு. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் செய்தவர் கேசவன். மூன்று தலைமுறையாக ஊர்க்காரர், நெல் விளைந்த இடத்தில் வரிசையாகக் கடை கட்டி, ஒன்றில் தானே பெயின்டுக் கடை வைத்திருப்பவர். சவுரிமுத்துவோடு தினம் ஒரு சண்டை போடாமல் தூங்கியதில்லை. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே நாற்காலிகளை இறக்கிப் போட்டார். நடுவில் ஒருமுறை பக்கெட்டைப் பார்த்து நின்றார்.

"இத எப்பக் கலந்தான்?"

"ஒம்பது பத்து. சொவத்துல எழுதிக்கீறாரு பாருங்க" என்றாள் செல்வமேரி.

கேசவன் குச்சியை விட்டுக் கிளறினார். தூக்கிப் பார்த்தார். நூல்போல வழிந்தது. "நல்லாத்தான் கலந்துகீறான். நாற்பது வருசமா விக்கிறேன், நானே இவ்ளோ பதமாக் கலக்க மாட்டேன்."

"ஒண்ணு பத்துக்குக் கல்லாயிடும், இல்லண்ணா?"

"ஆவும். வுட்டுடு மேரிம்மா. ஒரு பக்கெட் பெயின்ட்டுதானே."

"பக்கெட்டு போவட்டும். தகரம்?"

கேசவன் பல்லாவரம் மலைப் பக்கம் வானத்தைப் பார்த்தார். கருத்துக்கொண்டு வந்தது. அவருக்குள் துக்கத்துக்கு வந்தவர் ஒரு நிமிஷம் விலகிக்கொள்ள, பெயின்டுக் கடைக்காரர் பதில் சொன்னார். "இந்தக் காத்துல ரெண்டு நாள்ல செவந்துரும். திரும்பவும் மொதல்லேர்ந்து சொரண்டணும்."

"ஆறு வருசம் சொரண்டுனது."

"யாரு சொரண்டப் போறா இனிமே."

செல்வமேரி ஸ்ப்ரே கன்னை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க அடிங்களேன்" என்றாள்.

"நான் விக்கிறவன், அடிச்சதில்ல. தோ பாரு, அந்த நாத்தம் எனக்கு ஆவாது. கடையில நாற்பது வருசமா வாயாலதான் மூச்சு வுட்டுகினு கீறேன்." அது உண்மை. அவர் மூக்கால் மூச்சு விட்டதை பம்மலில் பார்த்தவர் கிடையாது.

பெயின்டர் மூன்று பேருக்குப் போன் போனது. ஒருவன் எடுக்கவில்லை. ஒருவன் திருப்பதியில் இருந்தான். மூன்றாமவன் செய்தியைக் கேட்டதும், "அண்ணன் போயிட்டாரா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அவனிடம் வேலை சொல்ல முடியவில்லை.

செல்வமேரி உள்ளே போனாள். அவரைக் குளிப்பாட்டும்போது பக்கத்திலேயே இருந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. அவர் நகக்கண்ணில் இருந்த அழுக்கை மட்டும் எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை. பதினொரு மணிக்குப் பெட்டி வந்தது. உள்ளே வைத்து மூடினார்கள். ஆறடிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தபடி கால் மணி உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தாமலே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள்.

கரண்டு ட்ரிப் ஆனது அப்போதுதான். சரியாக அந்த நேரத்தில் சவுரிமுத்துவின் அக்கா தபீதாள் வந்து இறங்கினாள். கல்யாணமான பின் ஜெபக்கூட்டத்துக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டவள். பழைய பெயர் இப்போது அவளுக்கே நினைவில்லை. பெருங்களத்தூர் சிக்னலில் முக்கால் மணி நேரம் ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு, பாதி அழுகையை அங்கேயே தீர்த்துவிட்டு வந்திருந்தாள். வாசலில் முகமூடியோடு மழைக்கோட்டில் ஓர் உருவம் நிற்பதைப் பார்த்து, வேறு வீடு என்று நினைத்து இரண்டு வீடு தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

"இன்னா மேரி இது?"

"பெயின்ட்டு அடிக்கிறேன்க்கா."

தபீதாள் ஹாலைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். "என் தம்பி அங்க கெடக்கிறான்."

"ஆமாக்கா."

"நீ காருக்குப் பெயின்ட்டு அடிச்சிகினு கீற."

"அவரு கலந்து வச்சிட்டாருக்கா. ஒண்ணு பத்துக்குள்ள அடிக்கலன்னா கல்லாயிடும்."

இந்தக் காரணம் தபீதாளுக்குப் புரிந்ததா என்பது தெரியாது. ஆனால் நேரம் குறித்த காரியம் எதையும் மதிப்பவள் அவள். திட்டுவதற்கு எடுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு, "கரண்டு ஏன் போச்சு?" என்றாள்.

அதுதான் சிக்கல். ஐஸ் பெட்டியும் கம்ப்ரசரும் ஒன்றாக ஓடினால் அந்த வீட்டு லைன் தாங்காது. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால் அவர்கள் வேளாங்கண்ணி போய்விட்டார்கள். எதிர்வீட்டில் காலையிலிருந்தே ஒரு லைட்டும் எரியவில்லை. ஒன்று அவர் குளிர வேண்டும், இல்லாவிட்டால் கார் கறுக்க வேண்டும்.

ஹாலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "இன்னாம்மா அநியாயம், பொணத்துக்குக் கரண்ட நிறுத்துவாங்களா" என்றது ஒரு கட்சி. "அவன் ஆறு வருசம் செஞ்ச வேலைய்யா" என்றார் கேசவன், இன்னொரு கட்சியில் தனி ஆளாக. ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆளை எல்லோரும் பார்த்தார்கள். அவன் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். தொழில் சம்பந்தமாக ஒருவரும் அவனிடம் இதுவரை கருத்துக் கேட்டதில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூடியத் தொறக்காம இருந்தா அரை மணி நேரம் சில்லு நிக்கும். ஐயாவுக்கு ஒண்ணும் ஆவாது."

செல்வமேரி தபீதாளைப் பார்த்தாள். "அக்கா, பாஞ்சு நிமிசம் அவரு பொறுத்துக்கட்டும். அப்புறம் அரை மணி பெட்டிய ஓட வுடலாம். அப்புறம் இன்னொரு பாஞ்சு நிமிசம். ரெண்டு தடவ அடிச்சாப் போதும்."

வெளியே சந்தில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வாட்ச்சு இங்க குடு" என்றாள் தபீதாள் பக்கத்தில் இருந்தவளிடம். "பாஞ்சு நிமிசம். பதினாறாவது நிமிசம் நானே வந்து கரண்ட மாத்துவேன்."

பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார்கள். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மாதா பாட்டுப் பாட வந்த பெண்களுக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை. ஒருத்தி சுருதியை ஏற்றினாள். மற்றவர்களும் ஏற்றினார்கள். கம்ப்ரசர் ஏறினால் பாட்டும் ஏறியது. அன்று பம்மலில் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள், விமானம் ஒன்று மீனம்பாக்கத்துக்குப் போகாமல் தெருவிலேயே இறங்கப்போகிறது என்று நினைத்ததாகச் சொல்கிறார்கள்.

செல்வமேரி விசையை அமுக்கினாள். கறுப்பு விசிறிபோல விரிந்து வந்தது. முதல் வீச்சில் கை நின்றுவிட்டது, ஒரு சொட்டு கண்ணீர்போல வழிந்தது. அதைப் பார்த்தாள். தாடிக்காரன் சொன்னது காதில் கேட்டது. ஒரு முழம் தள்ளினாள். கையை ஓடவிட்டாள். போன கோட்டில் பாதியைத் திரும்பவும் மூடி, அடுத்த கோடு. அதில் பாதியை மூடி அடுத்தது. தகரத்தில் அங்கங்கே வெள்ளையும் பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் இருந்தன, சுத்தியல் தட்டிய பள்ளங்கள், ஈயம் வைத்த தழும்புகள். கறுப்பு போகப் போக எது கோழி கொத்தியது, எது அவர் தட்டியது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகிக்கொண்டே வந்தது.

பின்பக்கம் முடிந்து கதவுக்கு வந்தாள். கதவைத் திறந்து உள்விளிம்புக்குக் குனிந்தவள் விசையை விட்டுவிட்டாள். கீல் மறைந்திருக்கும் இடுக்கு. கதவு மூடியிருந்தால் யாரும் பார்க்கவே முடியாத இடம். விரல்கூட நுழையாத அந்த இடத்தையும் அவர் பளிங்குபோலத் தேய்த்து வைத்திருந்தார். செல்வமேரி இன்னும் குனிந்து பார்த்தாள். அடுத்த கதவையும் திறந்து பார்த்தாள். அங்கேயும்.

"நேரம் ஓடுது" என்றாள் தபீதாள் ஹாலிலிருந்து.

"எப்புடிக் கையி போச்சு இங்க?" என்றாள் செல்வமேரி. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. முகமூடிக்குள் இருந்ததால் யாருக்கும் கேட்கவும் இல்லை.

பதினாறாவது நிமிஷம் தபீதாள் சொன்னபடியே வந்தாள். கம்ப்ரசரை நிறுத்தினாள். பெட்டியை ஓடவிட்டாள். ஆனால் உள்ளே திரும்பிப் போகவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். ஒருமுறை. பிறகு எதிர்த் திசையில் ஒருமுறை.

"கறுப்பாவா வுடப் போற?"

"இது அடிக்கலருக்கா. இதுக்கு மேலதான் கலரு."

"மேல இன்னா கலரு?"

செல்வமேரி முகமூடியைக் கழற்றித் துடைத்தாள்.

"வானநீலம்னுதான எங்கிட்ட சொன்னான்" என்றாள் தபீதாள் தானாகவே. "போன கிறிஸ்மஸுக்கு வந்தப்ப சொன்னான். அக்கா, உன் கல்யாணச் சேலக் கலருன்னான்."

"செவப்பு" என்றார் கேசவன், கொட்டகைக்கு வெளியே வாயால் மூச்சு விட்டபடி. "ரத்தச் செவப்பு. எங்கிட்டயே எடுத்து வைக்கச் சொன்னான். உனுக்குப் புடிச்ச கலரு கேசவான்னு சொன்னான்."

"செவப்பா? என் தம்பியா?"

"அப்ப நான் பொய் சொல்றனா? அங்க படுத்துகினு கீறான், போய்க் கேளு."

கேட்டிருப்பாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள். பிறகு மெதுவாக, "உங்கிட்ட இன்னா சொன்னான்?" என்றாள் செல்வமேரியிடம்.

"எங்கிட்ட சொல்லல."

"நீ கேட்டியா?"

செல்வமேரி பக்கெட்டில் குச்சியை விட்டுக் கிளற ஆரம்பித்தாள்.

அரை மணி ஆனது. இரண்டாவது தடவை பெட்டியை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தபீதாளே போய்ப் பிடுங்கினாள். இந்த முறை அவள் கையில் வாட்ச் இல்லை. காருக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, "அங்க ஓரம் வுட்டுட்ட... கீழ, சக்கரத்துக்கு மேல... ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அப்புறம் பத்துப் பேர். கடைசியில் சவுரிமுத்துவோடு ஐஸ் பெட்டிக்காரன் மட்டும்தான் உள்ளே இருந்தான். அவனும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாக ஒரு மணிக்குச் செல்வமேரி முன்பக்கத்து மூக்கில் கடைசிக் கோட்டை இழுத்து முடித்தாள். கன்னைக் கீழே வைக்கக் கை வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தபீதாள் பிரித்து எடுத்தாள்.

"உள்ள வா. அவன் தனியாக் கெடக்கிறான்" என்றாள்.

இனி சொல்லப்போவதைத்தான் நம்ப மாட்டார்கள். பிரைமர் காயவில்லை. தாடிக்காரன் கணக்கில் இரண்டு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டக் கூடாது. மூன்று மணிக்கு வந்த ஃபாதர், "காஞ்சிருச்சா?" என்று சுட்டுவிரலை வைத்தார். கறுப்பாக வந்தது. அதைப் பார்த்த உபதேசியார், ஃபாதர் சரியாக வைக்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, தானும் வைத்தார். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் விடாமல் முதலில் பெட்டிக்கு மாலை போட்டு, திரும்பி வருகையில் காரில் விரல் வைத்தார்கள். மறைமலை நகரிலிருந்து வந்த பழைய சகா ஒருவர் கூட்டத்தைப் பார்த்துத் தடுமாறி, மலர்வளையத்தையே காரின் மேல் சாய்த்துவிட்டார். அதை எடுத்தபோது ஆறேழு ரோஜா இதழும் ஒரு ரிப்பனும் அங்கேயே தங்கிவிட்டன.

"ஈரக் காத்து" என்றார் கேசவன். "மழ வரப்போவுது இல்ல, அதான் லேட்டாவுது." அவர் விரலும் கறுத்திருந்தது.

ஐந்தரைக்கு ஜோசலின் வந்தாள். அவள் கணவன் பிரசன்னா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் நேராக ஹாலுக்குப் போய்ப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. எழுந்தபோது, அம்மாவின் கழுத்தில், காதுக்குப் பின்னால், கறுப்பு தெறித்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"அப்பாவோட பெயின்ட்டு."

ஜோசலின் கொட்டகைக்கு வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளும் விரலை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள். "க்ரீம் கலர் அடிக்கணும்னு சொன்னாரு" என்றாள். "போன வாரம் போன்ல. ஜோசி, உனக்குப் பிடிச்ச அந்த ஐஸ்கிரீம் கலர்னு."

தபீதாளும் கேசவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வானநீலமும் ரத்தச் சிவப்பும் அங்கேயே சத்தமில்லாமல் நின்றன.

"சரிம்மா" என்றாள் செல்வமேரி. "கை கழுவிட்டு வந்து சாப்புடு."

கழுவினால் போகவில்லை. மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் மண் போட வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் சுட்டுவிரல் கறுப்பு. ஏதோ தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள்போல இருந்தார்கள். ஃபாதர் கையைத் தூக்கி ஆசீர் கொடுத்தபோது குழி வெட்டியவன் அவர் விரலையே பார்த்தான். தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அவன் மட்டும்தான் சுத்தமாக இருந்தான். அன்று சாயங்காலமே சந்துக்கு வந்து, "அந்த வண்டி எங்கம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள்.

மழை வந்தது, போனது. தகரம் சிவக்கவில்லை. ஜோசலின் எட்டாம் நாள் பூசை முடிந்து பெங்களூருக்குக் கிளம்பினாள். "வண்டிய என்னம்மா பண்ணப் போற?" என்றாள். "பாக்கலாம்" என்றாள் செல்வமேரி. பிரைமர் அன்றைக்கும் காயவில்லை.

அவர்களை அனுப்பிவிட்டு வந்து கொட்டகை விளக்கைப் போட்டாள். கார் முழுக்க விரல்கள். இடுப்பு உயரத்தில் பெரியவர்கள், கீழே சக்கரத்துப் பக்கம் பிள்ளைகள். தபீதாளுடையது எது என்று தெரிந்தது, அவள் ஓரிடத்தில் வைத்து நம்பாமல் பக்கத்திலேயே இரண்டு முறை வைத்திருந்தாள். செல்வமேரி மட்டும் இதுவரை வைக்கவில்லை. தலைப்பால் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுநர் கதவைத் திறந்தாள். உள்ளே சீட்டு இல்லை. ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதில் ஒரு தலையணை உறை போட்டு, மேலே மடித்த பேப்பர். தன் வீட்டில் ஒரு ஸ்டூல் குறைவதை அவள் இரண்டு வருஷமாகக் கவனிக்காமல் இல்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி அதில் உட்கார்ந்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் பேப்பர் ஒட்டியிருந்ததால் முன்னால் எதுவும் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் இல்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பேப்பரில் இருந்த பழைய செய்தியைப் படித்தபடி இருந்தாள்.

சவுரிமுத்து சாவதற்கு முந்தின நாள் கேசவன் கடையிலிருந்து எடுத்துப் போய், மறுநாள் காலை கலந்தது கறுப்பு ஒரு டின், பெயின்டை நீர்க்க வைக்கும் தின்னர் ஒரு டின். கெட்டியாக்கும் ஹார்டனர், அவர் பெயர் எழுதிய சீட்டோடு, மூடி திறக்காமல் இன்னும் கடையில் மூன்றாவது தட்டில் இருக்கிறது.